சங்கீதக் கப்பலில் பன்னிரண்டு நாள்



“கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம் ஸேர், இது நம்பிப் போகலாமா?” என்று விளம்பரங்களை எனக்கு அனுப்பிக் கேட்கும் பழைய மாணவர்கள் இந்த வருடம் கூடிவிட்டார்கள். நான் கப்பலில் இருந்த கதை எப்படியோ பரவியிருக்கிறது. உண்மைதான். பட்டம் முடித்து நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில் இரண்டு ஒப்பந்தம் கப்பலில் வேலை செய்தேன். அதில் ஒரு பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். 2008 ஜூன், நோர்வே நாட்டுக் கரையோரம், பன்னிரண்டு நாள். சங்கீதம் கேட்பதற்கென்றே ஆட்கள் காசு கட்டி வந்த பயணம் அது. பதிவு நீளம். நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2006 என்று ஒன்று இருக்கிறது, இலங்கையும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி வேலை எடுத்துத் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் முகவர் காசு வாங்கக் கூடாது. வைத்தியச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போட் ஆகியவற்றின் செலவுதான் நம்முடையது. ஐந்து லட்சம், ஆறு லட்சம் என்று யாராவது கேட்டால் வந்த வழியே திரும்பி வாருங்கள். மிச்சத்தை நேரில் வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

இனிக் கதைக்கு வருவோம்.

கப்பல் என்றவுடன் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து நிற்கும் அடுக்குமாடி போன்ற கப்பல்தான் நமக்கு ஞாபகம் வரும். எங்களுடையது சிறியது. பயணிகள் நூற்றுப் பத்துப் பேர் அளவில், வேலையாட்கள் எழுபது சொச்சம். மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஒடுங்கிய இடங்களுக்கெல்லாம் போகும். சிறிய கப்பலில் ஒரு ஆளுக்கு மூன்று வேலை. யாருக்கு என்ன வருத்தம், யாருக்கு யாரோடு கோபம் என்பதெல்லாம் மூன்றாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம்ம குறிச்சி மாதிரித்தான்.

எனக்குப் பதினான்கு அறைகள். காலையில் கட்டில் விரித்து, குளியலறை கழுவி, தூசு தட்டி முடிய மதியமாகும். மாலையில் திரும்பவும் ஒரு சுற்று. இடையில் மண்டபத்தில் கதிரை அடுக்குவது, மேல்தட்டில் கிழவர்களுக்குப் போர்வை கொடுப்பது. சாப்பாட்டு மேசையிலோ பாரிலோ வேலை எடுத்திருந்தால் கைக்காசு கூடக் கிடைத்திருக்கும். சாராயம் பரிமாற மனம் வராததால் அறை வேலையைக் கேட்டு வாங்கினேன். ஆனாலும் அறைகளில் கிடக்கும் வெற்றுப் போத்தல்களை நான்தான் எடுத்துப் போட வேண்டும். போகப் போகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் படுப்பது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு கட்டில். என் கட்டிலுக்கு மேலே இருந்தவர் காலிப் பக்கத்துச் சிங்களச் சகோதரர். சாப்பாட்டில் மீனும் முட்டையும் மரக்கறியும் சோறும் என்று சமாளித்தேன். சமையலறையில் இந்தோனேசியக்காரர் ஒருவர் இருந்தார், தொழுகையாளி. எது எந்தச் சட்டியில் வெந்தது என்று அவர் கண்ணாலேயே காட்டிவிடுவார். அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அர்த்தம் சொல்லிக் கொடுத்த பிறகு அவரும் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

தொழுகை ஒரு பெரிய விசயமாக இருந்தது. துவைத்த விரிப்புகள் அடுக்கும் அறையில் மூன்று பேர் நிற்க இடம் உண்டு. பேர்கன் நகரில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு பதினொரு மணியாகும், விடிய நாலு மணிக்கெல்லாம் வந்துவிடும். அதையாவது சமாளிக்கலாம். துருவ வட்டத்தைத் தாண்டி ட்ரொம்சோ பக்கம் போனால் அந்த மாதம் சூரியன் மறைவதே இல்லை. நடுச்சாமத்தில் வெயில்! மஃரிப் எப்போது, இஷா எப்போது, ஸுபஹ் எப்போது? சூரியன் மறைந்து உதிக்கும் பக்கத்து ஊரின் நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று காக்கா ஒரு தாளில் நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டினார். கிப்லாவுக்குச் சிறிய கொம்பாஸ். தென்கிழக்குப் பார்த்துத் தக்பீர் கட்டுவோம். இரண்டாவது ரக்அத்தில் கப்பல் திரும்புவது உடம்புக்குத் தெரியும். அதற்கு நாங்கள் என்ன செய்ய?

சரி, சங்கீதம்.

வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செலோ ஒன்று என நாலு பேர். பியானோ வாசிப்பவர் ஒருவர். விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் ஒருவர். காலையில் விரிவுரை, இரவில் கச்சேரி. போகுமுன் நான் நினைத்தது ஏதோ ஆட்டம் பாட்டம், கூச்சல் என்றுதான். அப்படி ஒன்றும் இல்லை. வந்தவர்களில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். கச்சேரி தொடங்கினால் இருமல்கூடக் கேட்காது. ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடைவெளியில் கை தட்டக் கூடாதாம். பிலிப்பைன்ஸ் பெடியன் ஒருவன் முதல் நாள் பலமாகத் தட்டிவிட்டு முழு மண்டபமும் திரும்பிப் பார்க்க வெட்கப்பட்டு நின்றான். பிறகு எவ்வளவு நல்லா வாசித்தாலும் அவன் தட்டவே இல்லை.

மேடைக்கு முன்னால் இருப்பவர்கள் கேட்காத ஒன்றை நான் கேட்டேன். வாசிப்பவர்களின் அறைகள் என் பகுதியில்தான் இருந்தன. பயணிகள் தட்டுகளில் ஆகக் கீழே, எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில். மேலே ராஜ மரியாதை பெறுகிறவர்களுக்கும் அறை கீழேதான். வயலின் வாசிக்கும் பெண் தினமும் காலையில், கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் சிறு கட்டையொன்றைச் செருகிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியை வாசிப்பார். திரும்பவும் அதே வரி. திரும்பவும். நான் குளியலறை கழுவி, துவாய் மாற்றி, கண்ணாடி துடைத்து வெளியே வரும்போதும் அதே வரி. உலகமெல்லாம் போய் வாசித்தவர், பாடமாகத் தெரிந்ததைத்தான் வாசிக்கிறார். ஓதிப் பாடமாக்கிய ஹாபிழ்கள் தினமும் தௌர் ஓதுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது விளங்கியது. செலோக்காரருக்கு இரட்டைக் கட்டில் அறை. ஒரு கட்டிலில் அவர், மற்றதில் செலோ. இரண்டு கட்டிலுக்கும் நான் விரிப்பு மாற்றினேன்.

இரண்டாம் நாள் இரவு ஸ்டாட் என்ற முனையைக் கடந்தோம். அந்தக் கரையில் மற்ற இடங்களில் தீவுகள் அலையைத் தடுத்து நிற்கும். அந்த இடத்தில் மட்டும் திறந்த கடல். சிறிய கப்பல் தொட்டில் ஆடுவது போல ஆடியது. மண்டபத்தில் பியானோ தரையோடு இறுக்கிப் பூட்டியிருந்ததால் தப்பியது. அதை வாசிப்பவர் இருந்த கதிரை நகர்ந்துவிட்டது. செலோவின் கால் வழுக்காமல் இருக்க ஒரு வாரை அவர் இருந்த கதிரைக் காலில் கட்டிவிட்டிருந்தோம். நூற்றுப் பத்துப் பேரில் முப்பது பேர்தான் வந்திருந்தார்கள், மற்றவர்களெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அந்த முப்பது பேருக்காக நாலு பேரும் கடைசி வரை வாசித்தார்கள். நான் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் ராகம் தாளம் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் போக மனம் வரவில்லை.

அதற்கு முதல் நாள் பேர்கனில் ஒரு வேலை கிடைத்திருந்தது. தொண்ணூறை நெருங்கிய ஆங்கிலேய மூதாட்டி ஒருவரின் தள்ளுநாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவராம். எங்கே போனோம் என்றால், எட்வர்ட் கிரீக் என்ற இசையமைப்பாளரின் வீட்டுக்கு. 1843இல் பேர்கனில் பிறந்து 1907இல் மறைந்தவர். நோர்வேக்காரர்கள் தங்கள் நாட்டின் குரலாகவே அவரை மதிக்கிறார்கள். ட்ரோல்ட்ஹாவ்கன் என்பது வீட்டின் பெயர். பெரிய வீட்டைவிட எனக்குப் பிடித்தது கீழே ஏரிக்கரையில் இருந்த சிறிய குடில். ஒரு பியானோ, ஒரு மேசை, ஒரு ஜன்னல். நம்ம வாடியை விடக் கொஞ்சம் பெரிது. அங்கே அவருடைய ஆளுயரச் சிலை நிற்கிறது. ஐந்தடிதான், நம்ம தரம் எட்டுப் பிள்ளையின் உயரம். பக்கத்தில் புல் முளைத்த கூரையோடு ஒரு கச்சேரி மண்டபம். மேடைக்குப் பின்னால் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. வாசிப்பவரைப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் அந்தக் குடிலும் ஏரியும் தெரியும். யார் யோசித்தாரோ, நல்ல யோசனை.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது ஆறாம் நாள் நடந்த விரிவுரை. கதிரை அடுக்கிவிட்டு நானும் இந்தோனேசியக் காக்காவும் பின்னால் நின்றோம்.

நோர்வேயில் ஹார்டாங்கர் வயலின் என்று ஒன்று உண்டு. முத்துச் சிப்பி பதித்து, தலையில் சிங்கமோ ட்ராகனோ செதுக்கியிருப்பார்கள். மேலே நாலு கம்பி. அதற்குக் கீழே இன்னும் நாலைந்து கம்பி. கீழே இருப்பதை யாரும் தொடுவதில்லை, மேலே வாசிக்கும்போது அது தானாக அதிரும். படித்த சங்கீதக்காரர்களின் வாத்தியம் அல்ல அது. கமக்காரர்கள் கலியாண வீடுகளில் வாசித்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. தகப்பனிடம் மகன், கிழவனிடம் பெடியன் கேட்டுப் பழகியதுதான். ஆலைக்காரனின் பையன் என்று பட்டப்பெயர் கொண்ட பெரிய வாத்தியக்காரர் ஒருவர் இருந்தார், 1872இல் இறந்தவர். அவரிடம் பழகியவர்களில் ஒருவர் க்னூட் டாலே. டாலேக்கு ஒரு கவலை. தான் போனால் இந்த மெட்டுகளும் போய்விடும். கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். கிரீக் பியானோக்காரர், அந்த வாத்தியத்தின் நுட்பம் அவருக்கு வராது. அதனால் இன்று ஒஸ்லோ என்று சொல்லும் நகரத்தில் இருந்த யொஹான் ஹால்வோர்சன் என்ற வயலின் வித்துவானிடம் அந்த வேலையைக் கொடுத்தார். 1901இல் டாலே அங்கே போய் வாசிக்க வாசிக்க ஹால்வோர்சன் இருந்து எழுதினார். பதினேழு மெட்டு. அவற்றை வைத்துக் கிரீக் பியானோவுக்கு ஆக்கியது 1903இல் அச்சில் வந்தது. அன்று இரவு அதில் இரண்டை வாசித்தார்கள். மற்றக் கச்சேரிகளைப் போல வழுவழுப்பாக இல்லை. கரடுமுரடாக, இடித்து இடித்து வந்தது. எனக்கு றபான் அடிதான் ஞாபகம் வந்தது.

விரிவுரையாளர் இன்னொன்றும் சொன்னார். அந்த நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மதப் புத்தெழுச்சி வந்ததாம். அந்தப் போதகர்கள் இந்த வயலினைச் சாத்தானின் வாத்தியம் என்றார்கள். பயந்துபோன வாத்தியக்காரர்கள் சிலர் தங்கள் வயலினைத் தாங்களே நெருப்பில் போட்டார்களாம். மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற நானும் காக்காவும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே தொடங்க வேண்டாம். அறிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பேசிய விசயம் அது, ஒரு முகநூல் பதிவில் முடியாது. நான் சொல்லப்போவது வாத்தியம் எதுவும் இல்லாத வெறும் வாய்ப்பாட்டைப் பற்றி. உழைப்புப் பாட்டு.

சிறிய கப்பல்களில் ஒரு வழக்கம், பயணம் முடிவதற்கு முதல் இரவு வேலையாட்கள் மேடை ஏற வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர்கள் மூங்கில் தடிகளுக்கிடையே ஆடுவார்கள். “இலங்கை என்ன செய்யப் போகிறது?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். நாங்கள் மொத்தமே மூன்று பேர். எனக்கு நடனம் வராது, சினிமாப் பாட்டுப் பாட விருப்பமில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கரைவலை இழுக்கும் அம்பா. மூத்தவாப்பா தண்டயலாக இருந்தவர். சின்ன வயதில் விடியச் சாமம் அவரோடு கடற்கரைக்குப் போய் வலைக் கயிற்றின் வாலில் தொங்கிக்கொண்டு கேட்டது.

காலிக்காரர் துள்ளி எழுந்தார். அவர்கள் ஊரில் அந்த வலைக்கு மாதெல் என்று பெயராம், இழுக்கும்போது அவர்களுக்கும் பாட்டு உண்டாம். இந்தோனேசியக் காக்காவின் ஊரிலும் கரையிலிருந்துதான் வலை இழுப்பார்களாம். கப்பல் கயிறுகளுக்குப் பொறுப்பானவரிடம் ஒரு துண்டுக் கயிறு வாங்கினோம். நான் முன்னால் நின்று எடுக்க, ஆறு பேர் பின்னால் இழுத்துக்கொண்டு ஏற்றுச் சொன்னார்கள். காலிக்காரர் இடையில் தன் பாட்டைப் போட்டார். கயிற்றின் மற்ற முனையை ஒரு தூணில் கட்டியிருந்தோம். வலை இல்லை, கடல் இல்லை, மீன் இல்லை. ஆனாலும் இழுவை சரியாக வந்தது. நாலு சங்கீதக்காரர்களும் முன்வரிசையில் இருந்து கேட்டார்கள். இந்த முறை இடையிலேயே கை தட்டினார்கள், பிலிப்பைன்ஸ் பெடியனும் சேர்த்து.

அடுத்த நாள் காலை அந்த மூதாட்டியின் அறைக்குப் போனேன். “நல்ல பாட்டு” என்றார். “ஆனால் நீ மெதுவாகப் பாடிவிட்டாய். அந்த வேகத்தில் இழுத்தால் மீனெல்லாம் போய்விடும்.” சொன்னது உண்மை. மேடை என்பதால் நான் இழுத்து நீட்டியிருந்தேன். ரீச்சர் எந்த வயதிலும் ரீச்சர்தான்.

பிறகு கேட்டார். “உன் ஊரில் இதைப் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?”

நான் விரலில் எண்ணினேன். மூத்தவாப்பா மௌத்தாகி வருசங்கள் ஆகியிருந்தன. 2004 டிசம்பர் 26க்கு முதல் எண்ணியிருந்தால் இரண்டு கை விரலும் காணாது. கல்முனைக் கரையில் அன்று கடல் யாரைக் கொண்டுபோனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு ஆகக் கிட்ட இருந்தவர்களை. வாடிக்காரர்களை. நாலு பேர் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கட்டிலை விரித்துவிட்டு வந்தேன்.

நியமனம் கிடைத்து ஊரோடு இருந்துவிட்ட பிறகு நான் கவனித்தது ஒன்று. பாட்டு குறைந்ததற்கு மார்க்கத்தை மட்டும் காரணம் சொல்பவர்கள் இருக்கிறார்கள், டீவியைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது பேர் சேர்ந்து இழுத்த வலையை இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கிறது. கை எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்காக வந்த பாட்டு அது. எஞ்சினுக்கு அம்பா தேவையில்லை. அரிவி வெட்டும் பாட்டும், நெல் குத்தும்போது பெண்கள் சொல்லும் கவியும் இதே வழியில்தான் போயின. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. முதுகு முறிய இழுத்தவர்களைக் கேட்டால் வின்ச்தான் நல்லது என்பார்கள்.

எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அலைந்து திரிந்து நம் நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார்கள். சொல் அதில் இருக்கிறது. ஆனால் எங்கே மூச்செடுப்பது, எந்த இடத்தில் கயிறு விழும், ஏற்றுச் சொல்பவர்கள் எப்போது நுழைவார்கள் என்பது தாளில் நிற்காது. டாலே வாசிக்கப் பக்கத்தில் ஹால்வோர்சன் இருந்தது அதற்காகத்தான். ஹால்வோர்சனிடம் இருந்தது பேனை. நம்ம தரம் பத்துப் பிள்ளையின் கையில் இருக்கும் ஃபோன் அதைவிட நல்ல சாமான்.

அதனால் இந்த வருடம் எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினொரு ஒலிப்பதிவு. கவி சொல்லும் மூத்தம்மாமார் மூன்று பேர். ஒருவர் முதலில் மறுத்தார், “இந்த வயசில இதெல்லாம் எதுக்கு மனே, ஸலவாத்து ஓதிட்டு இரிக்கன்” என்றார். கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முழுக்க அவருடைய உம்மா தாலாட்டிய பாட்டுகள்.

நான் விரலில் எண்ணிய நாலு பேரில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. வீட்டில் இருந்து பாடச் சொன்னால் வராது என்றார். “கயிறு கையில இல்லாம எப்பிடி?” கடற்கரைக்குத்தான் கூட்டிப் போனோம். வலை வந்துகொண்டிருந்தது, உழவு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிசம் நிறுத்தச் சொல்லி சாரதியிடம் கேட்டேன். “அஞ்சே அஞ்சு நிமிசம்தான் ஸேர், மடி கிட்ட வந்திட்டு” என்று நிறுத்தினார். கிழவர் கயிற்றைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற இளந்தாரிகளும் பிடித்தார்கள். அவர் பாடிய வேகம் நான் கப்பலில் பாடியதைப் போல இரண்டு மடங்கு. பெடியன்களுக்கு ஏற்றுச் சொல்லத் தெரியவில்லை, “ஏலேலோ” மட்டும் வந்தது. அவர் அதட்டி அதட்டிப் பழக்கினார்.

நாலு நிமிசம் நாற்பது விநாடி பதிவாகியிருக்கிறது. கடைசி இருபது விநாடியில் உழவு இயந்திரம் திரும்ப ஸ்டார்ட் ஆகும் சத்தமும் இருக்கிறது. மருதமுனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு பக்கம் வேறு தண்டயல்மார் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு வருகிறேன்.